நாலு வயதுப் பிள்ளையை மலைக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: எனக்கு ஏழு வயதில் ஒரு மகன், நாலு வயதில் ஒரு மகள். என் கணவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மலையேறுகிறவர். பிள்ளைகளையும் பழக்க வேண்டும் என்று போன மாதம் ஆறு கிலோமீட்டர் பாதை ஒன்றுக்கு எங்களை அழைத்துப் போனார். விலங்குகள் பார்த்து ஓடிவிடக் கூடாது என்று இருவருக்கும் கரும்பச்சை நிறத்தில் உடைகூட வாங்கியிருந்தார். மகன் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தான். மகள் அரைமணி நேரத்தில் ஓர் எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். தூக்கினால் அழுகை. பாதியிலேயே திரும்பிவிட்டோம். ஒரு விலங்கும் கண்ணில் படவில்லை. ‘இதுக்கு ஜூவுக்கே போயிருக்கலாம்’ என்றான் மகன். அடுத்த விடுமுறைக்கு 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓர் ஊருக்குப் போகலாம், அங்கே காட்டாடும், வளை தோண்டி வாழும் மர்மோட் என்ற பெரிய அணிலும் நிச்சயம் தெரியும் என்கிறார் கணவர். வீட்டுப் பெரியவர்களோ இந்த வயதில் மலையே வேண்டாம் என்கிறார்கள். யார் சொல்வது சரி? — ஒரு வாசகி

பதில்:

அன்றைக்கு அந்த மலைக்குப் போன நாலு பேரில் காட்டுயிரைப் பார்த்தது உங்கள் மகள் ஒருத்திதான். அவளைத்தான் நீங்கள் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்திருக்கிறீர்கள்.

குடும்பங்களைக் குழந்தைகளோடு மலைப்பாதைகளில் அழைத்துப் போவது என் தொழில். உங்கள் கடிதம் மாதிரிதான் என்னிடம் வருகிற பாதிப்பேரின் கதையும். அப்பாவுக்கு உச்சி வேண்டும், அண்ணனுக்கு ஓட வேண்டும், தங்கைக்கு உட்கார வேண்டும், அம்மாவுக்கு எல்லோரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். இதில் யாருடைய ஆசையும் தப்பில்லை. ஆனால் நாலு வயதுப் பிள்ளை கூட வருகிற நாளில் பாதையின் நீளத்தை முடிவு செய்கிறவள் அவள்தான். மற்ற மூவரும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டால் மிச்சமெல்லாம் சுலபம்.

முதலில் பெரியவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நாலு வயது மலைக்கு ஆகாத வயது இல்லை. 3, 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்குகிற ஓட்டமாட்டமாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட பரிந்துரை. ஆக, நடப்பதற்குத் தெம்பு இருக்கிறது. அந்தத் தெம்பு செலவாகிற விதம்தான் வேறு. பெரியவர்கள் ஒரே சீராக ஒரு மணி நேரம் நடப்போம். குழந்தை இருபது எட்டு ஓடும், நிற்கும், குனியும், குச்சி ஒன்றைப் பொறுக்கும், அதைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி ஓடும். ‘கால் வலிக்குது’ என்று உட்கார்ந்த பிள்ளை இரண்டு நிமிடத்தில் ஒரு தும்பியைத் துரத்தும். பொய் சொல்லியிருக்கிறது என்று நினைக்காதீர்கள். சிறு பிள்ளைகளுக்குக் களைப்பு சட்டென்று வரும், சட்டென்று போகும். அதோடு, குட்டைக் கால்களால் அதே தூரத்தைக் கடக்க அவர்களுக்கு உடல் எடைக்கு நம்மைவிட அதிகச் சக்தி செலவாகிறது.

மலையேறுகிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்னது. மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் பயண நேரம் கிடைத்துவிடும். நல்ல உடல்வாகு உள்ள பெரியவர்களுக்கான கணக்கு அது. சிறு பிள்ளைகளோடு போகும்போது நான் மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்றுதான் வைத்துக்கொள்கிறேன், உட்காருவதும் தின்பதும் அழுவதும் அதற்குள் அடக்கம். அந்தக் கணக்கில் நீங்கள் போன ஆறு கிலோமீட்டர் என்பது ஆறு மணி நேரம். நாலு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு முழு நாள் உழைப்பு. எனவே தூரத்தை மறந்துவிட்டு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மொத்தம் இரண்டு மணி நேரம் என்று கிளம்பினால், முக்கால் மணி ஆனதும் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே திரும்புங்கள். பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும்போதே திரும்ப வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் போகலாம்’ என்று அவளே கேட்டாலும் அடுத்த முறைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

நிறைய அப்பாக்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். வாரம் ஒரு புது மலை வேண்டாம். ஒரே பாதைக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். வீட்டிலிருந்து சீக்கிரம் போய்வரக்கூடிய, செங்குத்துச் சரிவு எதுவும் ஒட்டாத, கிலோமீட்டர் இரண்டுக்கு மேல் போகாத பாதையாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு மூன்றாம் முறையே அலுத்துவிடும். குழந்தைக்கு மூன்றாம் முறையில்தான் அது தன்னுடைய இடமாகிறது. எந்தப் பாறையில் ஓணான் வெயில் காய்கிறது, எந்த வளைவில் தண்ணீர் சத்தம் கேட்கத் தொடங்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடமாகிவிடும். போன தடவை மொட்டாக இருந்த செடி இப்போது காயாகியிருப்பதை அவள்தான் உங்களுக்குக் காட்டுவாள். புது இடத்தில் எல்லாமே புதிதாக இருப்பதால் எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. பழகிய இடத்தில் ஒரு கல் புரண்டிருந்தால்கூடத் தெரியும். காட்டுயிர் பார்க்கிற கண் அப்படித்தான் வளர்கிறது, யானையையும் சிறுத்தையையும் தேடி அலைவதால் வருவதில்லை.

இப்போது உங்கள் மகன் சொன்ன ஜூவுக்கு வருகிறேன். அவன் நியாயமாகத்தான் பேசியிருக்கிறான். ‘விலங்கு பார்க்கப் போகிறோம்’ என்று அழைத்துப் போயிருப்பீர்கள், விலங்கைக் காணோம், கோபப்படாமல் என்ன செய்வான்? மலையில் எந்த விலங்கையும் வாக்குக் கொடுக்காதீர்கள். 3,500 மீட்டரில் நிச்சயம் தெரியும் என்று உங்கள் கணவர் சொல்வதும் அதே வகை வாக்குறுதிதான். அதற்குப் பதிலாக, ‘யார் யார் இந்த வழியாகப் போயிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கலாம்’ என்று சொல்லிக் கிளம்புங்கள். இந்த வேலையில் வெறுங்கையோடு திரும்புகிற நாள் கிடையாது.

ஏழு வயதுப் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. ஈரமண் இருக்கிற இடங்களில் தடம் தேடச் சொல்லுங்கள். இரண்டாகப் பிளந்த குளம்பா, நகம் பதிந்த பாதமா, நகம் பதியாத பாதமா? நாய், நரி வகைகளின் தடத்தில் பெரும்பாலும் நகக்கீறல் இருக்கும்; பூனை இனங்கள் நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் இருக்காது. அடுத்தது புழுக்கை. முகம் சுளிக்காதீர்கள், என்னோடு வருகிற பிள்ளைகளுக்கு உச்சியைவிடப் பிடித்த விஷயம் இதுதான். காய்ந்த ஆட்டுப்புழுக்கை ஒன்றைக் குச்சியால் அழுத்திப் பிளந்தால் உள்ளே நறுக்கிய வைக்கோல் மாதிரி புல் நார் தெரியும். ஊனுண்ணியின் எச்சம் என்றால் முறுக்கிக்கொண்டு இருக்கும். அதில் மயிரும் சில நேரம் எலும்புத் துண்டும் தெரியும். எது தின்றது, எதைத் தின்றது, எவ்வளவு நாள் முன்பு என்று அண்ணனும் தங்கையும் வாதம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கையால் மட்டும் தொடக் கூடாது, அதிலிருந்து குடற்புழுத் தொற்று வரலாம். குச்சி போதும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல்.

மகளுக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். பைனாகுலர் இப்போது வேண்டாம். சிறு பிள்ளைகளின் இரண்டு கண்களுக்கும் இடைப்பட்ட தூரம் குறைவு, பெரியவர்களுக்கான பைனாகுலர் அதற்குப் பொருந்தாது. பொருந்தினாலும் ஆடாமல் பிடிக்க அந்த வயதில் முடியாது. அவளுக்குக் கறுப்பு வட்டம்தான் தெரியும், நமக்காகத் தலையாட்டுவாள். பூதக்கண்ணாடியில் அந்தச் சிக்கல் இல்லை. அவள் உயரம் ஒரு மீட்டர்தான். கண்ணுக்கு நேரே இருப்பதெல்லாம் வேரும் பாறையும் பாசியும்.

எந்த மலையிலும் பாறைமேல் சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் பற்றுப்பற்றாக ஒட்டியிருக்கும் லைக்கனைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ கறை என்று நாம் கடந்துபோகிறோம். அதில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஓரத்தில் மடல் மடலாக, நடுவில் சின்னஞ்சிறு கிண்ணங்களாக இருக்கும். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் கூட்டுக் குடும்பம் நடத்துகிற உயிர் அது. பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கிறது, பாசி வெயிலைக் கொண்டு சமைத்துப் போடுகிறது. ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர்கூட வளராத வகைகள் உண்டு. உள்ளங்கை அகலம் இருக்கிற ஒரு பற்று உங்கள் வீட்டுத் தாத்தாவைவிட மூத்ததாக இருக்கலாம். இதைச் சொன்ன பிறகு எந்தப் பிள்ளையும் அதைச் சுரண்டுவதை நான் பார்த்ததில்லை. ‘இயற்கையைப் பாதுகாக்க வேண்டும்’ என்று பாடம் எடுத்தால் அந்தப் பலன் கிடைப்பதில்லை.

விலங்கு கண்ணில் படாத வெற்றுச் சரிவுகளில் கதை சொல்லுங்கள், ஆனால் பேசுகிற முயல் கதை வேண்டியதில்லை. மலை விலங்குகளின் உண்மை வாழ்க்கையே போதுமான அளவு விசித்திரம். பிகா என்று ஒரு சின்னப் பிராணி, முயலுக்குச் சொந்தம், ஆனால் நீளக்காது கிடையாது. குளிர்காலத்தில் தூங்காது. அதனால் கோடை முழுக்கப் புல்லையும் பூவையும் வாய்நிறையக் கொண்டுவந்து பாறை இடுக்கில் வைக்கோல்போர் போடும். அதன் பக்கத்து வீட்டுக்காரரான மர்மோட் நேர் எதிர். கோடையில் தின்று கொழுத்துக்கொண்டு, பாதி ஆண்டுக்கு மேல் வளைக்குள் தூங்கிவிடும். ஆல்ப்ஸ் மலை மர்மோட்டுகள் குடும்பமாக ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. தாடிவைத்த பிணந்தின்னிக் கழுகு ஒன்று இருக்கிறது, அதன் முக்கிய உணவே எலும்பு. பெரிய எலும்பாக இருந்தால் உயரே தூக்கிப் போய்ப் பாறைமேல் போட்டு உடைத்துத் தின்னும். இதைக் கேட்ட பிள்ளை அடுத்து வானத்தைத்தான் பார்க்கும்.

காட்டாடுகளின் குளம்பைப் பற்றிச் சொல்லும்போது மகனின் ஷூவைக் கழற்றிக் காட்டுங்கள். ஐபெக்ஸ், வரையாடு போன்ற மலையாடுகளின் குளம்பில் ஓரம் கெட்டியாக இருக்கும், நடுவில் மெத்தென்று ஒரு திண்டு இருக்கும். கெட்டி ஓரம் பாறை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், மெத்தைப் பகுதி வழுக்காமல் ஒட்டும். மலையேற்ற ஷூவின் அடிப்பகுதியும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. தேய்ந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஏன் பாறையில் ஏறக் கூடாது என்று அதன்பிறகு நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

கரும்பச்சை உடையைப் பீரோவில் வைத்துவிடுங்கள். மான், ஆடு போன்ற குளம்பு விலங்குகளால் சிவப்பையும் பச்சையையும் நம்மைப்போலப் பிரித்தறிய முடியாது. ஆரஞ்சுச் சட்டை அவற்றுக்கு ஏதோ மங்கலான நிறமாகத்தான் தெரியும். அவற்றை விரட்டுவது அசைவும் சத்தமும் வாடையும். பறவைகள் நிறம் பார்க்கும், உண்மைதான். அசையாமல் உட்கார்ந்தால் அவையும் பழகிக்கொள்ளும். பச்சை உடை போட்ட நாலு வயதுப் பிள்ளை புதருக்குப் பின்னால் போனால் கண்ணில் படாமல் போவது உங்களுக்குத்தான். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சோ மஞ்சளோ போட்டு அழைத்துப் போங்கள்.

உட்காருவது என்றதும் நினைவுக்கு வருகிறது: பாதையில் ஓர் இடத்தை ‘சத்தம் கேட்கிற இடம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் உட்கார்ந்து, இரு கையையும் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை நீட்ட வேண்டும். கையைக் குவித்ததும் சத்தம் கூடுவதில் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் ஆச்சரியம். நாலு வயதுக்கு இரண்டு நிமிடம் தாங்கும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் பெரும்பாலும் ஏதாவது ஒரு பறவை கீழே இறங்கிவரும்.

ஓடுகிற மகனை அதட்டி நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். ஓடுவதற்கு எல்லை வையுங்கள். அடுத்த வளைவு வரை போகலாம், அங்கே நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். கிளைப்பாதை வந்தால் கட்டாயம் நிற்க வேண்டும். ஏறும்போது இந்தச் சுதந்திரம் சரி. இறங்கும்போது மட்டும் ஒரு பெரியவர் அவனுக்கு முன்னால் நடக்கட்டும். பிள்ளைகள் விழுவது ஏற்றத்தில் குறைவு. களைத்த காலோடு சரளைக்கல் சரிவில் ஓடி இறங்கும்போதுதான் முட்டியும் முகமும் பெயர்கின்றன.

விலங்கு நிஜமாகவே எதிரில் வந்துவிட்டால்? இதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். எவ்வளவு தள்ளி நிற்பது என்பதற்குக் குழந்தைக்கும் புரிகிற ஓர் அளவுகோல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் சொல்லித் தருகிறார்கள். கையை முழுதாக நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் விலங்கை முழுக்க மறைத்தால் தூரம் போதும். வாலோ கொம்போ வெளியே தெரிந்தால் பின்னால் நகர வேண்டும். எல்லோஸ்டோன் பூங்காவில் விதியாகவே வைத்திருக்கிறார்கள்: கரடி, ஓநாய் என்றால் குறைந்தது 91 மீட்டர், மற்ற பெரிய விலங்குகள் என்றால் 23 மீட்டர். மகன் இந்தக் கட்டைவிரல் வித்தையை நாய்க்கும் மாட்டுக்கும்கூடச் செய்துபார்த்துக்கொண்டிருப்பான், பார்க்கட்டும்.

பெரிய விலங்குகள் நடமாடும் மலை என்றால் விடியலிலும் அந்தியிலும் பிள்ளைகளோடு பாதையில் இருக்காதீர்கள். விலங்கு அதிகம் தெரிகிற நேரம் அதுதான் என்பது உண்மை. அதைத் தங்குமிடத்துத் திண்ணையிலோ பார்வைக் கோபுரத்திலோ உட்கார்ந்து பாருங்கள். எந்த விலங்குக்கு எப்படி நடந்துகொள்வது என்பது இடத்துக்கு இடம் மாறும், அந்தந்த வனக்காவலர் சொல்வதைக் கேட்டு அப்படியே செய்யுங்கள். சிறுத்தை போன்ற விலங்கென்றால் முதுகைக் காட்டி ஓடக் கூடாது, சின்னவளை உடனே தூக்கிக்கொள்ள வேண்டும்.

மலையில் குடும்பங்களுக்கு நிஜத்தில் அதிகத் தொல்லை தருவது புலியும் கரடியும் இல்லை, குரங்கு. யாரோ பாசத்தோடு தின்னக் கொடுத்துப் பழக்கியதன் வினை. குரங்கு இருக்கிற இடத்தில் தின்பண்டம் வெளியே வரக் கூடாது. பிள்ளை கையிலிருப்பதைப் பிடுங்கினால் விட்டுவிடச் சொல்லுங்கள். பல்லைக் காட்டிச் சிரிப்பதும் முறைத்துப் பார்ப்பதும் அதன் மொழியில் வேறு அர்த்தம். கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ, சின்னக் காயம்தானே என்று விடாமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி தேவைப்படும்.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். நடக்க மறுக்கிற பிள்ளையிடம் ‘வா, இல்லாட்டி கரடி வந்துடும்’ என்பது. அன்றைக்கு நூறு அடி நடப்பாள். அதன்பிறகு ஒவ்வொரு புதரும் அவளுக்குக் கரடிதான். எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அட்டை கடித்தால் நீங்கள் அலறாமல், நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தை மெல்ல நெம்பி எடுத்துப்போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தால், அவளுக்கும் அது அவ்வளவுதான்.

இனி அந்த 3,500 மீட்டர். என் கருத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்: இந்த விடுமுறைக்கு வேண்டாம். பிள்ளைகள் அந்த உயரத்துக்குப் போகவே கூடாது என்பதில்லை, அங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சமவெளியிலிருந்து வண்டியிலோ விமானத்திலோ போய் அன்றைக்கே 3,500 மீட்டரில் படுப்பதுதான் ஆபத்து. ஏறக்குறைய 2,500 மீட்டருக்கு மேல் ஆக்சிஜன் குறைவால் யாருக்கும் உயர நோய் வரலாம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று பெரியவர்கள் சொல்லிவிடுவோம். நாலு வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும்? சிணுங்கும், சாப்பாடு வேண்டாம் என்னும், விளையாடாமல் மடியில் சுருண்டுகொள்ளும், வாந்தி எடுக்கும். பயணக் களைப்பு, வண்டியில் வந்த குமட்டல் என்று நாமும் விட்டுவிடுவோம். உயரத்தில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் வேறு காரணம் உறுதியாகும் வரை அதை உயர நோயாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் பாதுகாப்பான வழி. அதற்கு மேல் ஏறக் கூடாது. குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும். மூச்சுத் திணறலோ தள்ளாட்டமோ தெரிந்தால் அந்த நிமிடமே இறக்கம்தான், விடியட்டும் என்று காத்திருப்பதற்கில்லை. சாதாரணச் சளி, காய்ச்சல் இருக்கிற பிள்ளைக்கு நுரையீரல் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். இதயக் கோளாறு, நுரையீரல் கோளாறு உள்ள பிள்ளைகள் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது. கணவர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் உயர நோய் மாத்திரை இருந்தால் அதையும் பிள்ளைகளுக்குத் தானாகக் கொடுத்துவிடக் கூடாது.

அப்படியும் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் வழியில் 2,000 முதல் 2,500 மீட்டருக்குள் இரண்டு மூன்று இரவு தங்கி, பிறகு மெல்ல ஏறுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கிற இடத்தின் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது பெரியவர்களுக்கே சொல்லப்படும் விதி. பிள்ளைகளோடு போனால் அதிலும் குறைத்துக்கொள்வது நல்லது. இவ்வளவு நாள் உங்கள் விடுமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 1,500 மீட்டர் மலை ஒன்றில் அத்தனை நாளும் நிம்மதியாக இருக்கலாம், அங்கேயும் பாறையும் பறவையும் இருக்கின்றன.

குளிரைப் பற்றியும் ஒன்று. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சின்ன உடம்பு வேகமாகச் சூட்டை இழக்கும். களைத்த மகளை முதுகுத்தொட்டிலில் வைத்துச் சுமந்துவிடலாம் என்று கணவர் நினைக்கலாம். நாலு வயதுப் பிள்ளை சராசரியாக 16 கிலோ, அது அவர் முதுகின் பிரச்சினை. அதைவிட முக்கியம், சுமக்கிறவர் வியர்த்துக்கொண்டிருப்பார், அசையாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை விறைத்துக்கொண்டிருக்கும், கால் தொங்குவதால் ரத்த ஓட்டமும் குறையும். அரைமணிக்கொரு முறை இறக்கி நடக்கவிட்டு, கைகால்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெயிலும் அப்படித்தான்: குளிர்கிறதே என்று தொப்பியைக் கழற்றிவிடுவோம், ஆனால் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது.

மலைகளில் மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம். வெயிலில் சரிவுகள் சூடேறிக் காற்று மேலே போவதால் வருவது. காலையிலேயே கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடி எண்ணி முடிவதற்குள் சத்தம் வந்துவிட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முகட்டிலும் தனிமரத்தடியிலும் நிற்காமல் கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே. எண்ணுகிற வேலையை மகனிடம் விடுங்கள், பயமும் குறையும்.

கடைசியாக, வழி தவறுவது. அமெரிக்காவில் 1981-ல் ஒரு சிறுவன் மலையில் தொலைந்து இறந்துபோனான். அதன் பிறகு ‘மரத்தைக் கட்டிக்கொள்’ என்று ஒரு பயிற்சியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரத் தொடங்கினார்கள். அப்பா அம்மாவைக் காணோம் என்று தெரிந்த உடனே தேடி ஓடாதே, பக்கத்தில் இருக்கிற மரத்தடியிலேயே இரு. தேடி வருகிறவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் கொடு, திட்டுவார்கள் என்று ஒளிந்துகொள்ளாதே. திட்ட மாட்டோம் என்று நீங்கள் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருக்க வேண்டும், தொலைந்த பிள்ளைகள் பதில் தராமல் ஒளிவதற்கு அந்தப் பயம்தான் ஒரு காரணம்.

இருவருக்கும் ஆளுக்கொரு விசில் வாங்குங்கள், உள்ளே பட்டாணி உருளாத வகையாக. நனைந்தாலும் குளிர்ந்தாலும் அது அடைத்துக்கொள்ளாது. கழுத்தில் கயிறு மாட்டினால் கிளையில் சிக்கிக் கழுத்தை நெரிக்கும், அதனால் சட்டையிலோ பைப்பட்டையிலோ ஊக்கால் கோத்துவிடுங்கள். மூன்று முறை ஊத வேண்டும், கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று முறை. மர்மோட்டும் ஆபத்தைக் கண்டால் விசிலடித்துத்தான் மற்றவற்றை உஷார்ப்படுத்தும் என்று சொன்னால், சும்மா ஊதி விளையாடக் கூடாது என்பது பிள்ளைகளுக்குப் புரிகிறது. கிளம்புவதற்கு முன்பே திறந்த மைதானம் ஒன்றில் இருவரையும் ஊதிப் பழகவிடுங்கள். நாலு வயதுக்கு முதலில் வெறும் காற்றுதான் வரும்.